அடையாற்றில் ஓர் அடைக்கலம்

1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், சென்னை அடையாற்றில் சிறியதொரு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதில் இருந்தவை 12 படுக்கைகள். மருத்துவரும் பணியாளரும் மிகச் சிலர். பெரிய கட்டடமோ பெருஞ்செல்வமோ அதற்கு இல்லை. ஆயினும், தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்றே எழுந்த முதல் மருத்துவமனை அதுவேயாகும். அதனைத் தோற்றுவித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு அப்போது வயது 67. அந்நாளைக் காண்பதற்காக அவர் 30 ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் பிறரிடம் கையேந்தியும் வந்தார்.

முத்துலட்சுமி என்றதும், சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண்மணி என்பதும், பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டவர் என்பதும் பலர் நினைவுக்கு வரும். அவை நாடறிந்த செய்திகள். ஆனால், அவர் வாழ்வின் பிற்பகுதி முழுவதையும் ஆட்கொண்ட கவலை வேறொன்று. ஊர்ப்புறத்தில் ஆறாத புண்ணோடும் கரையாத கட்டியோடும் வாழும் ஏழை ஒருவர், எங்கே செல்வது, யாரைக் கேட்பது, எப்படித் தங்குவது என்று அறியாமல் மடிந்துபோகிறாரே என்பதுதான் அக்கவலை.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக விளங்கியவர். தாய் சந்திரம்மாள், தேவதாசிக் குடும்பத்தில் பிறந்தவர். அந்தணராகிய தந்தைக்கும் அம்மரபில் வந்த தாய்க்கும் பிறந்த பெண்ணை ஊரார் எத்தகைய கண்கொண்டு பார்த்திருப்பர் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பிறப்பால் ஒதுக்கப்படுதல் என்றால் என்ன என்பதை அவர் நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர்.

பெண்கள் பருவமெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்படுவது அக்கால வழக்கம். முத்துலட்சுமி வீட்டிலிருந்தவாறே பாடங்களைக் கற்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அடுத்துக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் பயிலும் கல்லூரியில் பெண் ஒருத்தியா என்று பெற்றோர் சிலரும் ஆசிரியர் சிலரும் முகம் சுளித்தனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இசைவளித்தார். மன்னரின் அந்த இசைவு இல்லையெனில், தமிழகம் ஒரு மருத்துவரை இழந்திருக்கும்.

1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல் வலிமை குன்றியவர் எனினும் படிப்பில் அயராதவர். 1912ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றுச் சென்னை அரசு மகப்பேறு மற்றும் கண் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவரானார். அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி அவர். 1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சரிநிகராக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்பன அவர் முன்வைத்த நிபந்தனைகள். சுந்தர ரெட்டி அவற்றை ஏற்றதோடு, இறுதிவரை காத்தும் நின்றார்.

தங்கையின் நோய்

முத்துலட்சுமியின் தங்கைக்கு வயிற்றில் உபாதை ஏற்பட்டது. சீதபேதி என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டது. நோய் தணியவில்லை. நெடுநாள் கழிந்த பின்னரே, அது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் என்று தெரியவந்தது. தெரிந்த வேளையில் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 1923ஆம் ஆண்டு அவர் இறந்தார்.

இவ்விறப்பில் முத்துலட்சுமியை வாட்டியது துயரம் மட்டுமன்று. தங்கை சென்னை போன்ற பெருநகரத்தின் வசதிகளை எட்டும் நிலையில் இருந்தவர். அக்காள் மருத்துவர், அக்காளின் கணவரும் மருத்துவர். வேண்டிய அறிவும் வேண்டியவரும் அருகிலேயே இருந்தும் நோய் இன்னதென்று காலத்தில் கண்டறியப்படவில்லை. அவ்வாறாயின், மருத்துவரையே கண்டிராத ஊரில், மாட்டுவண்டியன்றி வேறு வாகனம் அறியாத குடும்பத்தில் இதே நோய் தோன்றினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி அவரை விட்டு அகலவே இல்லை. புற்றுநோய்க்கென ஒரு மருத்துவமனை அமைத்தே தீர்வது என்று அவர் உறுதி பூண்டார்.

புற்றுநோய் என்ற சொல்லை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கறையான் புற்று மண்ணுக்குள் ஓசையின்றி வளர்ந்து பின்பே வெளியே தலைகாட்டும். நோயும் அவ்வாறே வளர்வதைக் கண்டு முன்னோர் இப்பெயரிட்டனர் போலும். உடலின் உயிரணுக்கள் ஓர் ஒழுங்கில் பிரிந்து, பெருகி, முதிர்ந்து அழிவது இயற்கை. அவ்வொழுங்கு கெட்டுச் சில உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே புற்றுநோய். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி இல்லாத கட்டியை எவரும் பெரிதாக எண்ணுவதில்லை. வலி வந்தபின் மருத்துவரை நாடும்போது நோய் வேரூன்றியிருக்கும். மற்ற நோய்களுக்கு வலி எச்சரிக்கையாக அமைகிறது; இந்நோயிலோ அவ்வெச்சரிக்கை காலம் தாழ்ந்தே வருகிறது.

லண்டனும் சட்டமன்றமும்

1925ஆம் ஆண்டு, பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான மருத்துவத்தில் உயர்பயிற்சி பெற அரசு உதவியுடன் முத்துலட்சுமி இங்கிலாந்து சென்றார். லண்டன் செல்சியில் இருந்த பெண்கள் மருத்துவமனையில் பயின்றார். அந்நகரில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்கிவருவதையும் கண்டார். அறுவை மருத்துவத்தாலும் ரேடியத்தாலும் சிலர் நலம் பெற்று வீடு திரும்புவது அங்கே இயல்பான நிகழ்ச்சியாக இருந்தது. தாய்நாட்டில் தீராநோய் என்று கைவிடப்பட்ட ஒன்று, உரிய காலத்தில் கண்டறிந்தால் தீரக்கூடியது என்பதை அவர் நேரில் உணர்ந்தார்.

தாயகம் திரும்பியதும் வேறு பணிகள் அவரை அழைத்தன. 1927ஆம் ஆண்டு சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார். அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பெண்ணின் திருமண வயதை உயர்த்துதல் என அவர் அவையில் எழுப்பிய பொருள்கள் பல. பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிராக அவர் கொண்டுவந்த தீர்மானமும் சட்டத்திருத்தமும் 1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டத்திற்கு வழிவகுத்தன. காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது சிறைப்படுத்தப்பட்டதைக் கண்டித்து 1930ஆம் ஆண்டு பதவியைத் துறந்தார்.

அதே காலத்தில் நடந்த ஒன்று, பிற்கால மருத்துவமனையைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும். தேவதாசி மரபில் வந்த சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். அவர்களை விடுதிகளில் சேர்க்க முயன்றபோது இடம் மறுக்கப்பட்டது. அவர்களுடைய பிறப்பே அதற்குக் காரணம். முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். ஔவை இல்லம் அவ்வாறே பிறந்தது. பின்னர் அது அடையாற்றில் நிலைபெற்றுப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஒருவருக்கு உரிமையைச் சட்டத்தால் அளித்துவிடலாம். ஆனால், அன்றிரவு அவர் எங்கே உண்பார், எங்கே உறங்குவார் என்பதற்குச் சட்டம் விடை சொல்வதில்லை. ஔவை இல்லத்தின் அடுக்களையில் இதை நாள்தோறும் கண்டவருக்கு, நோயாளிக்கு வேண்டியது மருந்துச்சீட்டு மட்டுமன்று என்பதைப் பிறர் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுப்பின் ஆண்டுகள்

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற கருத்தை முத்துலட்சுமி அங்கே வெளிப்படையாக முன்வைத்தார். அவையோர் கேட்டனர், பாராட்டினர், அத்துடன் கலைந்தனர்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் அரசின் வாயில்களை மீண்டும் மீண்டும் தட்டினார். புற்றுநோயாளர் எப்படியும் இறக்கப்போகிறவர். அவர்களுக்கெனப் பொதுப்பணத்தைச் செலவிடுவானேன் என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தோரிடம் மட்டுமன்றி மருத்துவர் சிலரிடமும் இருந்தது. இவ்வெண்ணத்தை அறியாமை என்று ஒரே சொல்லால் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. காலரா, அம்மை, மலேரியா, காசநோய் ஆகியவை கூட்டங்கூட்டமாக உயிர்களைக் கொண்டுசென்ற காலம் அது. இருக்கும் சிறிது பணத்தைத் தடுக்கக்கூடிய நோய்களுக்குச் செலவிடுவோம் என்று கணக்கிட்டவர்கள் கல்நெஞ்சர் அல்லர். கணக்கின் தொடக்கப் புள்ளிதான் பிழையானது. அவர்கள் கண்ட புற்றுநோயாளர் அனைவரும் முற்றிய நிலையில் வந்தவர்கள். முற்றிய நிலையில் வந்தவர் பெரும்பாலும் பிழைப்பதில்லை. பிழைத்தவர் எவரையும் காணாத ஊரார், இந்நோய் வந்தால் சாவு உறுதி என்று நம்பினர். சாவு உறுதியென்றால் மருத்துவமனைக்குச் செல்வது எதற்கு? ஆகவே நோயை மறைத்தனர், மறைத்ததால் முற்றியது, முற்றியபின் வந்தனர். தானே தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும் இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும் என்பதே முத்துலட்சுமியின் வாதம். நலம் பெற்று ஊர் திரும்பும் ஒருவரைக் கண்ணாரக் காண்பதைவிட வலிய பிரசாரம் இல்லை. அதற்கு முதலில் நலம்தரும் இடம் ஒன்று வேண்டுமே!

1934ஆம் ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் தொடங்கப்பட்டிருந்தது. ஆனால், புற்றுநோயை மட்டுமே கருத்தில் கொண்ட மருத்துவமனை தென்னாட்டில் இல்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941ஆம் ஆண்டிலும், கொல்கத்தாவில் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை 1950ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. மொழி அறியாத அந்நகரங்களுக்குத் திருநெல்வேலிச் சிற்றூர் ஒன்றிலிருந்து உழவர் ஒருவர் சென்று வருவது நடக்கக்கூடியதா? வரைபடத்தில் மருத்துவமனை இருப்பதும் நோயாளியின் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதும் வேறுவேறு.

அரசின் உதவிக்குக் காத்திருந்து பயனில்லை என்று கண்ட முத்துலட்சுமி மக்களிடம் சென்றார். 1949ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சங்கத்துப் பெண்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் சென்று பணம் திரட்டினர். பெரிய மனிதர்களின் காசோலைகளோடு சிறிய மனிதர்களின் நாணயங்களும் சேர்ந்தன. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, அமெரிக்காவில் புற்றுநோய் மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். தாயின் கனவுக்கு வேண்டிய மருத்துவத் திறன் அவரிடம் இருந்தது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தலைமை அமைச்சர் ஜவஹர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்.

ஊரிலிருந்து அடையாறு வரை

மருத்துவமனை திறந்த மறு ஆண்டு டாக்டர் சாந்தா பணியில் சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் அவருக்குப் பணி காத்திருந்தது. நிலையான அரசுப் பணியை விட்டுவிட்டு, நாளை என்னாகுமோ என்று தெரியாத 12 படுக்கை மருத்துவமனைக்கு இளம் மருத்துவர் ஒருவர் செல்வதைப் பலர் வியப்போடு பார்த்தனர். அவரோ மருத்துவமனை வளாகத்தையே தம் இல்லமாக்கிக்கொண்டார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் இரவு பகல் பாராது உழைத்தனர்.

அங்கு வந்தவர்கள் யாவர்? அக்காலத் தமிழகத்தில் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து மெல்லும் வழக்கத்தால் வாயிலும் கன்னத்திலும் புற்று வந்தோர் ஆண், பெண் இருபாலரிலும் இருந்தனர். வயலில் நாற்று நடும் பெண், கணவரிடமும் சொல்லத் தயங்கும் உபாதையை அயலாராகிய ஆண் மருத்துவரிடம் எவ்வாறு சொல்வார்? முதலில் கைவைத்தியம், பிறகு ஊர்ப்பெரியவர் சொன்ன பச்சிலை, அடுத்து வேண்டுதல், அதன்பின் பக்கத்து ஊர் மருத்துவர், அவருக்கும் பிடிபடாதபோது மாவட்டத் தலைநகர் மருத்துவமனை, அங்கிருந்து சென்னைக்குச் செல்லும்படி ஒரு சீட்டு. ஒவ்வொரு படியிலும் மாதங்கள் கழியும்; கையிருப்பும் கரையும். எழுத்தறியாதவர் கையில் அச்சீட்டு என்ன சொல்கிறது என்பதைக்கூட வேறொருவர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு வந்து சேர்ந்த பின்பும் வழி முடிந்துவிடுவதில்லை. புற்றுநோய்க்குரிய கதிர்வீச்சு மருத்துவத்தை ஒரே நாளில் அளித்துவிட இயலாது. கதிரின் மொத்த அளவைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, வாரத்தில் பல நாள்கள் வீதம், பல வாரங்கள் அளிப்பர். நோயுற்ற உயிரணுக்கள் சிறுகச் சிறுக அழியும். சுற்றியுள்ள நல்ல உயிரணுக்களோ இடைவெளியில் தம்மைச் சரிசெய்துகொள்ளும். அதுவே இம்முறையின் நுட்பம். நடுவில் நிறுத்திவிட்டால் நோய் மீண்டும் தலைதூக்கும். ஆகவே, நாள்கூலி பெறும் ஒருவர் ஒன்றரைத் திங்கள் அளவுக்கு வேலையை விட்டு நகரில் தங்க வேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். நோயாளி தாயானால், வீட்டில் குழந்தைகளுக்குச் சோறு ஆக்குவது யார் என்ற கவலை வேறு. முதல் இரண்டு வாரங்களில் வலி சற்றுத் தணிந்ததும் நோய் நீங்கிவிட்டது என்று எண்ணி ஊருக்குப் புறப்பட்டுவிடும் நோயாளிகள் எங்கும் உண்டு. அவர்களை அறிவிலிகள் என்று கடிந்துகொள்வது எளிது. அறுவடை நெருங்கும் நாளில், கடன் வாங்கிய பணம் தீர்ந்த நிலையில், வலியும் இல்லாதபோது வேறு யாராயினும் என்ன செய்திருப்பர்?

இங்கேதான் முத்துலட்சுமியின் மருத்துவமனை தன் இயல்பைக் காட்டியது. பணம் இல்லை என்ற காரணத்தால் எவரும் திருப்பி அனுப்பப்படலாகாது என்பதை அது தன் நெறியாகக் கொண்டது. பணம் தருபவர் தந்தனர். தர இயலாதவர்க்கு நன்கொடைகள் ஈடுசெய்தன. அறுவை மருத்துவம் ஓரிடம், கதிர்வீச்சு மற்றோரிடம் என்று நோயாளி சீட்டோடு அலையும் நிலை அங்கு இல்லை. அறுவையா, கதிர்வீச்சா, மருந்தா, அன்றி இவற்றுள் எவை எவற்றை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதை மருத்துவர்கள் ஒன்றுகூடி முடிவு செய்தனர். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுடன் மருந்தையும் சேர்த்து அளிக்கும் ஆய்வுகள் அங்கே நடைபெற்றன. ஏழைகளுக்கான இடம் என்றால் குறைந்த தரம் போதும் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமிருக்கவில்லை.

தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் கனடா நாட்டின் கொடையாகக் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்துசேர்ந்தது. பழைய எக்ஸ் கதிர்க் கருவிகளின் கதிர்கள் தோலிலேயே தம் ஆற்றலைப் பெரிதும் செலவிட்டுப் புண்ணாக்கிவிடும். கோபால்ட்டிலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களோ தோலை அவ்வளவாக வருத்தாமல் உடலின் ஆழத்திலுள்ள கட்டியைச் சென்றடையும். கருப்பை வாய்ப் புற்றுநோயால் துன்புற்ற பெண்களுக்கு இது பெரும்பேறாயிற்று. அந்நாளில் இந்தியாவில் காண்பதற்கு அரிதாயிருந்த கருவி, செல்வர் பயிலும் மருத்துவமனைக்குச் செல்லாமல் ஏழைகள் நிரம்பிய சிறு மருத்துவமனைக்கு வந்தது குறிப்பிடத்தக்கது.

கருவியைவிட அரியது ஒன்றுண்டு. நோயின் பெயரைக் கேட்டதும் உறவினர் ஒதுங்குவதும், ஒட்டிக்கொள்ளும் நோய் என்று அஞ்சித் தனித் தட்டும் தனிப் பாயும் கொடுத்து ஒதுக்கிவைப்பதும் அக்காலத்தில் மிகுதி. புற்றுநோய் தொட்டால் பரவுவதில்லை. இதை நூறுமுறை சொல்வதைவிட, நோயாளியின் கையை மருத்துவர் தம் கையால் பற்றிக்கொள்வது விரைவில் உணர்த்தும். பிறப்பின் பேரால் ஒதுக்கப்பட்ட சிறுமியருக்கு இல்லம் அமைத்தவர், நோயின் பேரால் ஒதுக்கப்பட்டவர்க்கும் இல்லம் போன்றதோர் இடத்தையே அமைக்க விரும்பினார். ஔவை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் அடையாற்றிலேயே அமைந்தன.

இறுதி ஆண்டுகள்

மருத்துவமனை தொடங்கியபின் முத்துலட்சுமி ஓய்ந்துவிடவில்லை. மாநிலச் சமூகநல வாரியத்தின் முதல் தலைவராகப் பணியாற்றினார். நன்கொடை வேண்டிக் கடிதங்கள் எழுதினார். படுக்கைகள் பெருகப் பெருகச் செலவும் பெருகியது. வந்தவர் அனைவருக்கும் இடம் போதாத நிலையும் தொடர்ந்தது. 1956ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், தம் 82ஆம் பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்னதாக, அவர் சென்னையில் காலமானார். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அவர் விட்ட பணியைத் தொடர்ந்தனர்.

ஒரு குறை மட்டும் அவர் காலத்தில் தீராமலே இருந்தது. மருத்துவமனை எவ்வளவு பரிவோடு கதவைத் திறந்து வைத்தாலும், வாயிலுக்கு வந்து சேர்ந்தவருக்கே அது உதவியது. வழி அறியாமல் ஊரிலேயே தங்கிவிட்டவரை அது காணவே இல்லை. அவர் மறைந்தபின் அடையாறு மருத்துவமனை, உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் காஞ்சிபுரம் பகுதியில் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை மேற்கொண்டது. நோய் முற்றி நோயாளர் நகரைத் தேடிவரும்வரை காத்திராமல், ஊர்ப்புற மக்களிடையே சென்று நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது அதன் நோக்கம். அதுவரை நோயாளி மருத்துவமனையைத் தேடி நடந்த அதே பாதையில், மருத்துவமனை அவர் ஊரை நோக்கிப் புறப்பட்டது.